அந்தப் பிரேஸைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தச்சு வேலை செய்கிறேன். கூரையிலிருந்து விழுந்து வலது முழங்கை உடைந்து, சத்திரசிகிச்சை நடந்தது. வைத்தியர் எழுதித் தந்த துண்டைக் காட்டி, மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில், முழங்கையைத் தாங்கக் கட்டும் கீல் வைத்த பிரேஸ் வாங்கினேன். நான்காம் நாள் இரவு பூட்டு நழுவி, மடக்கி வைத்திருந்த கை நேராக விரிந்துவிட்டது. இப்போது சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கடைக்காரர் “உமக்குக் கட்டத் தெரியவில்லை” என்று ஆட்களுக்கு முன்னால் ஏசினார். இப்போது பழையதைத் தந்தால் புதியது தருவதாகச் சொல்கிறார். வாங்கிப் பத்து வாரமாகிறது. பத்து இலட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஏசியதை விடுங்கள். நீதிமன்றத்தில் அதற்கு ஒரு சதமும் கிடைக்காது. கேட்கப்படுவது ஒன்றே: அந்தக் கீலில் பாகையை, அதாவது கை எவ்வளவு மடங்கலாம், நீளலாம் என்ற கோணத்தை, வைத்தது யார், எத்தனையில் வைத்தார்?

இவ்வகைப் பிரேஸின் கீல் வட்டில் இரண்டு தடுப்புகள் உண்டு. ஒன்று மடக்குவதற்கு எல்லை, மற்றது நீட்டுவதற்கு எல்லை. இயன்மருத்துவர் வைத்து, அதைக் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்தால் நீங்கள் பலமான இடத்தில் நிற்கிறீர்கள். குளிக்கக் கழற்றிவிட்டு நீங்களே திரும்ப வைத்திருந்தால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். துண்டைக் காட்டி வாங்கியது நல்லது. தேவையைச் சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கிய பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது.

இனி, நான் பயப்படும் இடம். பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு, அதன் பிறகு என்னிடம் வந்தவர்கள் பலர். பழையது எங்கே என்றால், கடையில் என்பார்கள். கடையில் கேட்டால், குப்பையில் என்பார்கள். நழுவிய பூட்டு கையில் இல்லையென்றால் உங்கள் வாய்ச்சொல்லுக்கு எதிரே அவருடைய வாய்ச்சொல், அவ்வளவுதான். ஆகவே அதைத் துடைக்காமல், முறுக்காமல், நழுவிய நிலையிலேயே எல்லாப் பக்கமும் படமெடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பற்றுச்சீட்டும் பெட்டியும் அதோடு இருக்கட்டும். “நாளைக்கு வாரும், பேசுவோம்” என்ற பேச்சில் நாட்களையும் கரைய விடாதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய, விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதமே உண்டு. உங்களுக்கு மிச்சம் ஏறத்தாழ மூன்று வாரம். பேச்சுவார்த்தை நடப்பதால் அந்தக் கெடு நீளாது.

பத்து இலட்சத்தை மறந்துவிடுங்கள். உடைந்த முழங்கை எந்தப் பிழையும் இல்லாமலே இறுகிப்போவது உண்டு. சாட்சிக் கூட்டில் ஏறும் எந்த எலும்பு வைத்தியரும் அதைச் சொல்வார். இறுக்கம் பூட்டால் வந்ததா, உடைவால் வந்ததா என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். மாவட்ட நீதிமன்றத்துக்குப் பல வருடம் அலைவதைவிட, முறைப்பாட்டைப் பதிந்துவிட்டு, பிரேஸின் விலை, எக்ஸ்ரே, போக்குவரத்துச் செலவு, சில வாரக் கூலி என்று ஒரு தொகைக்கு இணங்கிவிடுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு பழைய பிரேஸ் அவருக்கே போகட்டும்.

கையொப்பமிடும் தாளில் “இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி இருக்கும். முழங்கை இனி எவ்வளவு மடங்கும் என்று வைத்தியர் எழுதித் தரும்வரை அந்தத் தாளில் பேனா வைக்காதீர்கள்.