தியரி படித்தால் நல்ல கேம் வருமா? கேள்வி பதில்

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நம் கடற்கரையில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசிக் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் கேம் ஆட நேரம் கிடைக்கிறது. சிலர் சொந்தமாகவே கேம் எழுதுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தியரி பற்றியவை, அதாவது ஒரு கேம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் கருத்துகள் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மண்டபம், கல்லூரி மாணவர்: அண்ணே, கடல் தொழிலை வைத்து ஒரு கேம் எழுதினோம். ஆளுக்கொரு வல்லம். பக்கத்து வல்லத்தில் இன்ஜின் நின்றுபோனால் உதவிக்குப் போவார்கள் என்று நினைத்தோம். ஒருத்தரும் போகவில்லை, மீன் அள்ளுவதிலேயே இருக்கிறார்கள். ஆடுகிறவர்கள் சரியில்லையா, கேம் சரியில்லையா?

ஆடுகிறவர்கள் மேல் தப்பில்லை தம்பி. நீங்கள் அனுப்பிய விதிகளைப் படித்தேன். மீனுக்குப் புள்ளி உண்டு. உதவப் போனால் ஒரு சுற்று போகிறது, டீசலும் குறைகிறது, பதிலுக்கு ஒன்றும் வருவதில்லை. அப்புறம் எப்படிப் போவார்கள்?

2004-ல் ஹனிக்கி, லெப்ளாங்க், ஜூபெக் என்ற மூவர் எம்டிஏ என்றொரு சட்டகத்தை எழுதினார்கள். எழுதுகிறவர் கையில் இருப்பது விதி மட்டும்தான். ஆடும்போது விதியிலிருந்து நடத்தை பிறக்கிறது, நடத்தையிலிருந்து உணர்வு வருகிறது. ஆடுகிறவருக்கோ உணர்வுதான் முதலில் தெரியும். நீங்கள் விரும்பிய உணர்வு ஒன்று, உங்கள் விதி கூலி கொடுப்பது இன்னொன்றுக்கு. இதைக் கண்டுபிடிக்கத்தான் தியரி வேண்டும்.

உடனே உதவிக்கும் புள்ளி வைத்துவிடாதீர்கள். புள்ளிக்காக உதவுவார்கள், அது உதவியாகவே தெரியாது. கடலில் நிஜமாக ஏன் போகிறார்கள்? நாளைக்கு நம் இன்ஜினும் நிற்கும் என்பதால். அதையே விதியாக்குங்கள். உதவியவர் பெயரை உதவி பெற்றவர் தன் தாளில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு உதவியவர் கூப்பிடும்போது இவர் போக வேண்டும், அல்லது மறுத்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும். மறுக்க வழி இருப்பது முக்கியம். மேசையில் சூடான பேச்சு அங்கேதான் வரும்.

தொண்டி, பள்ளி ஆசிரியர்: கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ரோல்பிளேயிங் கேமை வெளியிட்டபோது எந்தத் தியரி இருந்தது, சார்? ஆடி ஆடிப் பார்த்தால் போதாதா?

பெயர் சூட்டிய தியரி எதுவும் இல்லைதான். ஆனால் இருவரும் போர் விளையாட்டுகளில் ஊறியவர்கள். அந்த முதல் விதிகளில் அரக்கனைக் கொல்வதைவிடப் புதையலை வெளியே கொண்டுவந்தால்தான் அனுபவப் புள்ளி அதிகம். அதனால் கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்து, பொன்னை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். எந்த விதி எந்த நடத்தையைக் கொண்டுவரும் என்பது அனுபவத்தில் தெரிகிற விஷயம். அந்த மேசையில் உட்காராத நமக்கு அதை எடுத்துச் சொல்லத் தியரி வேண்டியிருக்கிறது. ஆடிப் பார்ப்பதற்கு மாற்று அது இல்லை. ஆடிப் பார்த்ததில் எதைக் கவனிப்பது என்று காட்டும், அவ்வளவுதான்.

கீழக்கரை: காக்கா, ஆட்டக்காரர்கள் மூன்று வகை என்று படித்தேன். என் கூட்டாளிகளை எப்படிப் பிரிப்பது?

பிரிக்க வேண்டாம். வெல்வது, கதை, உலகம் நிஜம்போல் இயங்குவது என்ற மாதிரி மூன்று நோக்கங்களை ரான் எட்வர்ட்ஸ் என்ற கேம் எழுத்தாளர் பேசினார், அதுவும் ஆட்டத்தில் எடுக்கும் முடிவுகளைப் பற்றி. பலர் அதை மனிதர்கள் மேல் முத்திரையாகக் குத்தியதால் வீண் சண்டைதான் வந்தது. ஒரே ஆள் சாயங்காலம் ஜெயிக்கப் பார்ப்பார், இரவில் கதைக்காகத் தோற்கவும் தயாராக இருப்பார். 1999-ல் எட்வர்ட்ஸ் வற்புறுத்திய ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த விதிகளை வைத்து ஆடுகிறோம் என்பது ஆட்டத்தை மாற்றும். ஆட்டத்தை நடத்த நல்ல கேம் மாஸ்டர் இருந்தால் எந்த விதியும் போதும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

தேவிபட்டினம்: கணக்கு வராது. கேம் எழுதலாமா?

தாராளமாக. இரண்டு பகடைக்கு 36 வாய்ப்பு, அதை எண்ணத் தெரிந்தால் போதும். வின்சென்ட் பேக்கர் 2010-ல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற கேமில் இரண்டு பகடையின் கூட்டுத்தொகை 10-க்கு மேல் என்றால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலையோடு வெற்றி, 6-க்குள் சிக்கல். 10-ம் வெற்றிதான், 6-ம் சிக்கல்தான். வாய்ப்புகள் முறையே 6, 15, 15. விழுந்த தொகையோடு ஒன்று கூட்டினால் 10, 16, 10. நடுவில் இருப்பதைப் பாருங்கள்: மீன் கிடைக்கிறது, ஆனால் வலை கடலடிப் பாறையில் மாட்டிக் கிழிகிறது. கதை நகர்வது பெரும்பாலும் அங்கேதான்.

ராமேஸ்வரம்: அண்ணா, 1964 புயலில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த குடும்பம் எங்களுடையது. அதை ஒரு கேமாக எழுத ஆசை. தப்பா?

தப்பில்லை தங்கச்சி. ஆனால் ஊர் பிழைக்குமா என்பதைப் பகடைக்கு விடாதீர்கள். டிசம்பர் 22 இரவு என்ன ஆகும் என்று ஆடுகிறவர்களுக்கு முதலிலேயே தெரியட்டும். பாத்திரங்களுக்குத் தெரிய வேண்டாம். முடிவு தெரிந்துவிட்டால், 'ஜெயிப்போமா' என்ற கேள்வி போய், மிச்சமிருக்கும் பொழுதில் யாரோடு இருப்போம், யாரிடம் என்ன சொல்வோம் என்பதே ஆட்டமாகிவிடும்.

பாத்திரத்தின் உணர்வு ஆடுகிறவருக்குள் கசிவதை எமிலி கேர் பாஸ் என்ற கேம் எழுத்தாளர் 'ப்ளீட்' என்றார். உங்கள் கேமில் அது கட்டாயம் வரும். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் உருவாக்கிய எக்ஸ் கார்டை, அதாவது X என்று எழுதிய அட்டையை, மேசை நடுவில் வையுங்கள். யார் தொட்டாலும் அந்தக் காட்சி விலக்கப்படும், காரணம் கேட்கக் கூடாது. உண்மையான குடும்பப் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்துவிடாமல், சும்மா உட்கார்ந்து பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதையும் விதிப் புத்தகத்திலேயே எழுதுங்கள்.