கல்லறையைத் தட்டுதல்

அன்புள்ள ஐயா,

ஹராரேயில் கணக்காளராக இருக்கிறேன். எங்கள் டிரைவர் மெதடிஸ்ட் சபைக்காரர், ஞாயிறு தவறாமல் போவார். போன வருடம் இறந்த அப்பாவுக்குக் ‘குரோவா குவா’ சடங்கு செய்ய வேண்டும் என்று நான்கு நாள் லீவு கேட்டார். கல்லறையில் பியர் ஊற்றுவார்களாம். ஜிம்பாப்வேயில் 80 சதவீதத்துக்கு மேல் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள். இது இரட்டை வேடம் இல்லையா? சூனியத்துக்கு வேறு பயப்படுகிறார்கள். லீவு கொடுத்துவிட்டேன். செய்தது சரியா?

முரளி

அன்புள்ள முரளி,

ஒரே தொகை இரண்டு தலைப்பில் வந்தால் கணக்காளருக்குத் தூக்கம் போய்விடும், தெரியும். அந்தப் பழக்கத்தை அப்பாவைப் பறிகொடுத்தவர் மேல் காட்டுவது அழகில்லை.

சூனியத்தை விடுங்கள். ஒருவரைச் சூனியக்காரர் என்று குற்றம் சாட்டுவதைத் தடுத்து 1899-இலேயே வெள்ளையர் சட்டம் போட்டார்கள். பயம் சட்டப் புத்தகம் படிப்பதில்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

உங்கள் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை யாரைக் கும்பிடுகிறார் என்று கேட்டீர்களா? ஜிம்பாப்வேயின் பெரும்பான்மை இனமான ஷோனாக்களின் பைபிளில் கடவுளுக்குப் பெயர் மவாரி. மிஷனரிகள் கப்பலில் கொண்டுவந்த பெயரில்லை அது. மாட்டோபோ குன்றுகளில் இன்ஜெலெலே கோயிலுக்கு மழை கேட்டுப் போகிறவர்கள் கும்பிடுவதும் அதே மவாரியைத்தான். சாமியின் பெயரை இவர்களிடமிருந்தே வாங்கிக்கொண்டு, அந்தச் சாமியிடம் போகிற பாதையை மட்டும் பாவம் என்றார்கள். ஷோனாக்கள் மவாரி முன்னால் நேரே போய் நிற்கமாட்டார்கள். வீட்டில் இறந்த பெரியவர்களான வட்ஸிமு வழியாகத்தான் சொல்லியனுப்புவார்கள். செத்தவர் தானாக வட்ஸிமு ஆகிவிடவும் முடியாது. புதைத்தபின் ஆவி வெளியே அலையும். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் பிள்ளைகள் போய்க் கூட்டிவர வேண்டும். குரோவா குவா என்றால் கல்லறையைத் தட்டுவது. அப்பா வாசலுக்கு வெளியே நிற்கட்டும், நீ சபையில் உட்கார்ந்து பாடு என்கிறீர்கள் நீங்கள். கத்தோலிக்கர்கள்கூட முதலில் தடுத்துவிட்டு, பிறகு தங்கள் பூசையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

மரத்தடியில் வெள்ளை அங்கியும் வெறுங்காலுமாக உட்காரும் மசோவே சபையாரை ஹராரேயில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் வெள்ளிக்கிழமைப் பிரிவார் பைபிளே வேண்டாம் என்கிறார்கள். முன்னோர் சடங்கும் அவர்களுக்கு ஆகாது. அவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

1898-இல், தங்கள் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சிக்காக வெள்ளையர் தூக்கிலிட்டவர்களில் இருவர் சாமியாடிகள். நெஹாண்டா என்ற மூதாதையின் ஆவி இறங்கிய சார்வே என்ற பெண் கடைசிவரை ஞானஸ்நானம் வேண்டாம் என்றாள். மற்றவரான ககுவி வாங்கிக்கொண்டார். எனக்கு அவரை நினைத்தால்தான் தொண்டை அடைக்கிறது. பயந்தாரா, நம்பினாரா, யாருக்குத் தெரியும்? இன்று ஹராரேயில் அவர் பெயரில் அரசுக் கட்டடம் நிற்கிறது. அவர் கிறிஸ்தவராகச் செத்தாரே என்று யாரும் அந்தப் பெயரைச் சுரண்டவில்லை.

பல வருடம் முன்பு அந்த ஊரில் ஒரு பெரியவர் எனக்காக எம்பிரா வாசித்தார். பலகையில் பதித்த இரும்பு நாக்குகளைக் கட்டைவிரலால் மீட்டுகிற வாத்தியம். பலகையில் சோடா மூடிகளைக் கோத்திருந்தார். ஒவ்வொரு சுரத்தோடும் அவை கரகரத்தன. “இதையெல்லாம் கழற்றிவிட்டால் நாதம் சுத்தமாக இருக்குமே?” என்றேன். தம்புராவின் தந்திக்கடியில் நூல் செருகி அந்த ரீங்காரத்தை வரவழைக்கிற ஊரிலிருந்து போன நான்! பெரியவர் கோபிக்கவில்லை. “உனக்குச் சுத்தமாக இருக்கும். வர வேண்டியவர்களுக்குக் கேட்காது” என்றார். கழுத்தில் சிலுவை போட்டிருந்தார். அன்று எனக்கும் உங்கள் கேள்விதான் வாயில் வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

லீவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான்கு நாள் போதாது. ஊற்றுவது கடையில் வாங்கும் பியர் என்று நினைத்துவிட்டீர்கள் போல. கேழ்வரகை முளைகட்டி, அரைத்து, காய்ச்சிப் புளிக்கவைக்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.