ஒரு துறைக்கு அதிகம் தருவது புதியவர்களா, நிபுணர்களா?

அளவை வைத்துக் கேட்டால் நிபுணர்கள்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் யுரேனஸ் கோள் கிடைத்த கதையைப் பார்த்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

இங்கிலாந்தின் முதல் அரச வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் 1690-லேயே அதைப் பார்த்து, ஏதோ நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதிவிட்டுப் போய்விட்டார். பிரான்சின் வானியலாளர் லெ மோனியே 1769 ஜனவரியில் பலமுறை பார்த்தும் அதே கதைதான். கடைசியில் 1781 மார்ச் 13 இரவு அதைப் பிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல், பாத் நகரத்தில் ஆர்கன் வாசித்தும் பாட்டு சொல்லிக்கொடுத்தும் பிழைத்த இசைக்காரர். வீட்டிலேயே தேய்த்துத் தேய்த்துச் செய்த உலோக ஆடி பொருத்திய தொலைநோக்கியில் பார்த்தவர், இது மட்டும் ஏன் மற்ற நட்சத்திரங்கள் போலப் புள்ளியாக இல்லாமல் சின்ன வட்டமாகத் தெரிகிறது என்று அங்கேயே நின்றார். (நேற்று தொடங்கியவர் இல்லை, ஏழெட்டு வருடம் ராத்திரி கண் விழித்தவர்.)

சரி, அவரும் அதை வால்நட்சத்திரம் என்றுதான் அறிவித்தார்! லெக்செல் போன்ற கணிதக்காரர்கள் சுற்றுப்பாதையைக் கணக்குப் போட்ட பிறகுதான் சனிக்கு அப்பால் ஒரு கோள் இருப்பது உறுதியானது. அடுத்த வருடமே மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுக்க, மனிதர் பாட்டு வகுப்பை மூட்டை கட்டிவிட்டார். அப்புறம் அவரும் நிபுணர்தான்.