கேள்வி-பதில்: பேசுபவர் மாறினால் எதிரொலி ஏன் திரும்புகிறது?

கேள்வி: காணொலிக் கூட்டங்களில் ஒற்றை ஒலிபெருக்கி இருந்தவரை எதிரொலி நீக்கி ஒழுங்காக வேலை செய்தது. ஸ்டீரியோவுக்கு மாறிய பின், எதிர்முனையில் ஒருவர் முடித்து அடுத்த இருக்கைக்காரர் தொடங்கும்போது, அவர் குரல் அவருக்கே சில நொடிகள் திரும்பக் கேட்கிறதாம். எங்கள் அறையில் எதையும் நாங்கள் மாற்றவில்லையே?

பதில்: உங்கள் அறை மாறாதபோதும் எதிரொலி திரும்புவதுதான் ஸ்டீரியோவுக்கே உரிய சிக்கல். ஒலிபெருக்கியிலிருந்து மைக் வரையுள்ள ஒலிப்பாதையை எதிரொலி நீக்கியிலுள்ள தகவமைவு வடிகட்டி (தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கணக்கீட்டுப் பகுதி) கணித்து, எதிரொலியின் நகலை உருவாக்கி, மைக் பிடித்த ஒலியிலிருந்து அதைக் கழிக்கிறது. மிஞ்சும் பிழையை வைத்து, ஒலிப்பாதையை விவரிக்கும் எண்களான தன் கெழுக்களைத் திருத்திக்கொண்டே போகிறது. ஸ்டீரியோவில் அந்த ஒரே பிழையைக் கொண்டு இரண்டு பாதைகளைக் கண்டறிய வேண்டும். இடம், வலம் இரண்டு ஒலிகளுமோ எதிர்முனையில் பேசும் ஒரே குரலிலிருந்து பிறந்தவை. ஆகவே இடப்பாதைக் கணிப்பின் தவற்றை வலப்பாதைக் கணிப்பின் தவறு ஈடுகட்டிவிட முடியும். கூட்டுத்தொகை 10 என்று மட்டும் சொல்லி இரண்டு எண்களைக் கேட்டால் 7, 3 என்றும் சொல்லலாம், 4, 6 என்றும் சொல்லலாம் அல்லவா? அந்த ஈடுகட்டல் பேசுபவர் அமர்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆள் மாறியதும் அது குலைந்து எதிரொலி வெளிப்படுகிறது.

இதனை 1995-இல் சோந்தி, மார்கன், ஹால் ஆகிய ஆய்வாளர்கள் தெளிவாக விளக்கினர். வேகமாகக் கற்கும் வழிமுறையைப் பொருத்தினால் எதிரொலி விரைவில் அடங்கும்; ஆனால் அது நோயைத் தீர்ப்பதாகாது. கணக்கின் சுமையும் சிறிதன்று: ஒலியை நொடிக்கு 16,000 முறை அளந்து, கால் நொடி எதிரொலியைக் கையாள ஒரு பாதைக்கு 4,000 கெழுக்கள் வேண்டும், இரு மைக்குகள் என்றால் நான்கு பாதைகள், 16,000 கெழுக்கள்.

இரு ஒலிகளின் ஒற்றுமையைச் சற்றே குலைப்பதே உரிய தீர்வு. பெனஸ்டி, மார்கன், சோந்தி 1998-இல் முன்வைத்த முறையில், ஒரு பக்க ஒலி அலையின் நேர்ப்பகுதியையும் (சுழிக்கு மேலுள்ளது) மறுபக்க ஒலி அலையின் எதிர்ப்பகுதியையும் (சுழிக்குக் கீழுள்ளது) சிறிதளவு தனியே எடுத்து அதனதன் ஒலியுடனேயே சேர்ப்பர். பேச்சில் இந்தச் சிதைவு காதுக்கு எளிதில் பிடிபடாது; இசையில் உறுத்தக்கூடும்.

எதிர்முனை நண்பரை இருக்கை மாறிப் பேசச் சொல்லிப் பாருங்கள். அவர் இடம் மாறும்போதெல்லாம் எதிரொலி எழுந்து அடங்கினால் காரணம் இதுவாகவே இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் எழுந்தால், உங்கள் குரலையும் பிழையென்று கொண்டு வடிகட்டி தடம் புரள்கிறது என்று பொருள்; அதற்கு இருவர் பேச்சை உணரும் பகுதியைச் சரிசெய்ய வேண்டும்.