உறுப்பு தானம்: அவர் என்ன விரும்பியிருப்பார்?

இறந்த பின் உறுப்புகளைத் தர விரும்புகிறவர் முன்வந்து பதிவு செய்வது சரியா, அல்லது மறுத்துப் பதிவு செய்யாத எல்லோரையும் கொடையாளர் என்றே கொள்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் முதல் முறையே நடைமுறையில் உள்ளது. அதுவே தொடர வேண்டும் என்பது என் கருத்து. என் பெரியம்மாவின் கடைசி இரண்டு நாட்கள்தான் என்னை இந்த முடிவுக்குக் கொண்டுவந்தன.

மூளையில் இரத்தக்குழாய் வெடித்து அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்திருந்தோம். மறுநாள் மாலை மூளைச்சாவு உறுதியாயிற்று. உறுப்பு மாற்றுக் குழுவைச் சேராத இரண்டு மருத்துவர்கள் அதை உறுதி செய்ய வேண்டும் என்பது இந்நாட்டு விதி. அதை எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். எங்களுக்கு விளங்கவும் செய்தது. ஆயினும் வென்டிலேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் அவருடைய மார்பு ஏறி இறங்கியது, கை வெதுவெதுப்பாக இருந்தது, மூக்குத்தி கழன்று விழாதபடி ஒரு நர்ஸ் அதன்மேல் சிறிய பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். அப்போதுதான் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரான ஜூலு இனத்து அம்மையார் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்து, "உயிரோடு இருந்திருந்தால் அவர் என்ன விரும்பியிருப்பார்?" என்று கேட்டார்.

பெரியம்மாவின் பிள்ளைகள் இருவரும் பேசவில்லை. என் அம்மாதான் பேசினார். உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியைத் திறந்து வைக்கும்போது அக்காவின் முகம் அக்காவின் முகமாகவே இருக்குமா என்றும், குளிப்பாட்டிப் புடவை உடுத்த முடியுமா என்றும், கிளேர் எஸ்டேட் சுடலைக்கு எந்த நாளில் போக முடியும் என்றும் கேட்டார். அந்த அம்மையார் ஒன்றைக்கூடத் தட்டிக்கழிக்காமல் பதில் சொன்னார்: அறுவை சிகிச்சைக்குப் பின் தைப்பது போலவே தைத்துத் தருவார்கள், முகத்துக்கு எதுவும் ஆகாது, சடங்குகளுக்குத் தடையில்லை. அதன் பிறகும் மூத்த அண்ணன், "அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையே, நான் எப்படிச் சரி என்பது?" என்று மறுத்துவிட்டார். நான் அவருக்கு எதிராக எதுவும் சொல்லவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அந்த மறுப்பினால் இழப்பது என்ன என்பதை டர்பன்காரர்கள் நன்றாகவே அறிவோம், ஏனென்றால் சர்க்கரை நோய் இல்லாத தமிழ்க் குடும்பத்தை இங்கே தேடித்தான் பார்க்க வேண்டும், அது பல வீடுகளில் சிறுநீரகத்தில் போய் முடிகிறது. இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சை கேட்டு 1997 இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை சென்ற தியாகராஜ் சுப்ரமணி எங்கள் ஊர்க்காரர், சர்க்கரை நோயாளி, வயது 41. அடிங்டன் அரசு மருத்துவமனையில் இருந்தவை இருபது டயாலிசிஸ் இயந்திரங்கள். ஒருவருக்கு நான்கு மணி நேரம், பிறகு இயந்திரத்தைச் சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம். ஆகவே நீடித்த டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே முதலில் என்று அங்கே விதி வைத்திருந்தார்கள். இதய நோயும் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. நீதிமன்றமும் கைவிரித்தது, அவர் சிறிது காலத்திலேயே காலமானார். ஒரு சிறுநீரகம் கிடைத்தால் அதைப் பெறுகிறவரோடு, அவர் விட்டுச்செல்லும் இயந்திரத்துக்காகக் காத்திருக்கும் இன்னொருவரும் பிழைக்க வழி உண்டு என்பதை அந்த வழக்கைப் படித்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

இவ்வளவு தட்டுப்பாடு இருக்கும்போது மௌனத்தையே சம்மதமாகக் கொள்ளும் சட்டம் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நானும் சில காலம் அப்படித்தான் நினைத்தேன். ஸ்பெயினில் 1979 முதல் அத்தகைய சட்டம் இருக்கிறது. ஆனால் அங்கும் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. அந்நாடு உறுப்பு தானத்தில் உலகுக்கு முன்னோடியானது, 1989 இல் தேசிய அமைப்பை நிறுவி, மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை நியமித்த பிறகுதான். 2015 இல் சட்டத்தை மாற்றிய வேல்ஸிலும் குடும்பத்தாரோடு பேசியே செய்கிறார்கள். ஆகவே இங்கே அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தாலும் எங்கள் அண்ணனிடம் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள், அவரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். பிரேசில் 1997 இல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தாம் சாகும் முன்பே உறுப்புகளை எடுத்துவிடுவார்களோ என்று ஏழைகள் அஞ்சினார்கள். மறு ஆண்டே அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

அந்த அச்சத்துக்கு இங்கே காரணம் இன்னும் அதிகம். டர்பனிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில், காசு கொடுத்து வாங்கிய சிறுநீரகங்களை வெளிநாட்டு நோயாளிகளுக்குப் பொருத்தியது வெளிப்பட்டு, 2010 இல் நீதிமன்றத்தில் குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. கிராமத்தில் இருக்கும் ஒரு ஜூலு மூதாட்டிக்கு மறுப்புப் படிவம் ஒன்று உண்டு என்றே தெரியாதபோது, அவர் அதை நிரப்பாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் மேல் முடிவைச் சுமத்தக் கூடாது என்று மறுதரப்பினர் சொல்வது உண்மையே. அந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டியவர் உயிரோடிருக்கும்போதே தன் விருப்பத்தைச் சொல்லிவைக்கும் மனிதர் என்பதே என் பதில்.

அதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை. 2003 ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சட்டப்படி, உயிலிலோ இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட தாளிலோ எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலும் செல்லும். பெரியம்மாவின் கருமாதி முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், என் மனைவியும் தங்கையும் கேட்க, என் உறுப்புகள் அனைத்தையும் கொடுக்கச் சம்மதம் என்று சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கண்களை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.