மூட்டுத் தேய்மானத்துக்கு ஜிங்க், செலினியம் மாத்திரை தேவையா?

கேள்வி: எனக்கு வயது 59, ஊர் பாபநாசம் வட்டம். நெடுங்காலம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். ஜிங்க், செலினியம், செம்பு, மாங்கனீசு, வைட்டமின் ஈ சேர்ந்த மாத்திரையை உறவினர் வாங்கித் தந்தார். வயலுக்கு ஜிங்க் சல்பேட் போடுவதுபோல மூட்டுக்கும் இது நல்லதுதானே? செம்புக் காப்பு போட்டால் வலி குறையுமா?

பதில்: துத்தநாகம் (ஜிங்க்) குறைந்த நிலத்தில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் இட்டால் பயிர் தேறுகிறது, குறைவில்லாத நிலத்தில் அதையே இரட்டிப்பாக இட்டாலும் விளைச்சல் கூடுவதில்லை. உடம்புக்கும் இதே கணக்குதான்.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுத் திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. வயதும் எடையும் தொடர்ந்த அழுத்தமும் சேரும்போது, அதன் செல்களில் தீங்கு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகிக் குருத்தெலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகளைச் சிதைக்கின்றன. அந்த மூலக்கூறுகளை அடக்கும் நொதிகளில் (என்சைம்களில்) ஒன்றுக்குச் செம்பும் துத்தநாகமும், இன்னொன்றுக்கு மாங்கனீசும், மற்றொன்றுக்குச் செலினியமும் வேண்டும். ஆனால் குருத்தெலும்பை அரிக்கும் நொதிகளும் துத்தநாகத்தைக் கொண்டே இயங்குகின்றன என்பதைப் பலரும் சொல்வதில்லை.

இந்தச் சத்துகளை மாத்திரையாகக் கொடுத்தால் தேய்மானம் நிற்கும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரின் மக்களிடம் நடந்த ஆய்வில், உணவில் வைட்டமின் சி கூடுதலாகப் பெற்றவர்களுக்கு முழங்கால் தேய்மானம் முற்றுவது குறைவாக இருந்ததாக 1996-இல் வெளியானது. அது உணவுப் பழக்கத்தைக் கவனித்து அறிந்தது, மருந்து கொடுத்துச் சோதித்ததன்று. ஆஸ்திரேலியாவில் வைட்டமின் ஈ மாத்திரையை 2 ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தபோது குருத்தெலும்பின் இழப்பு குறையவில்லை. செம்புக் காப்பையும் இங்கிலாந்தில் சோதித்தார்கள். வலியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. விருப்பமானால் அணியுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம்.

மாத்திரை அட்டையின் பின்புறத்தை அவசியம் படித்துப் பாருங்கள். துத்தநாகம் நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போனால், செம்பு உடலில் சேர்வது தடைபட்டு, ரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரக்கூடும். செலினியம் மிகுந்தால் முடி கொட்டும், நகம் உடையும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் ஈ மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தீட்டிய அரிசிச் சோறு மட்டுமே தட்டை நிறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சம்பா அறுவடைக்குப் பின் உங்கள் வயலிலேயே விளையும் உளுந்தும் பச்சைப்பயறும் துத்தநாகமும் செம்பும் தருகின்றன; பயற்றை ஊறவைத்து முளைகட்டினால் துத்தநாகம் இன்னும் நன்றாக உடலில் சேரும். மீனிலும் முட்டையிலும் செலினியம் உண்டு. நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி தரும்.

வலிக்கு உண்மையில் கைகொடுப்பது தொடைத் தசையின் வலுவே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடை இறுகுவதை உணரும்படி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். இரண்டு காலுக்கும் பத்துப் பத்து முறை, காலையும் மாலையும். எடை கூடுதலாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறையும். களையெடுக்கக் குந்துவதைத் தவிர்த்து, தாழ்வான முக்காலியில் அமர்வதைவிட உயரமான இருக்கையையே பயன்படுத்துங்கள். மூட்டு திடீரென வீங்கிச் சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது வெறும் தேய்மானமாக இராது. அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.