வீட்டில் எத்தனை தக்காளிச் செடி வைக்கலாம்? என் கணக்கு நான்கு

கேள்வி: வீட்டில் நாங்கள் நான்கு பேர். முதன்முறையாகத் தக்காளி வளர்க்கிறேன். போட்ட விதை எல்லாம் முளைத்து இருபதுக்கும் மேல் நாற்று நிற்கிறது. அத்தனையையும் வைத்துவிடலாமா, குறைத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்:

நான்கு. முதல் தடவை என்பதால் அதற்கு மேல் வேண்டாம். வெயில் நன்றாக விழும் இடமும், தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்கும் வசதியும் இருந்தால் ஆறு வரை போகலாம்.

பதில் இவ்வளவுதான். ஆனால் இருபது நாற்று நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் சும்மா கடந்து போக முடியவில்லை. நானும் அதே இடத்தில் நின்றிருக்கிறேன். என் தட்டில் நின்றவை 22. ஒன்றைக்கூடப் பிடுங்கிப் போட மனம் வரவில்லை. இரண்டு விரல் உயரத்தில் காம்பில் மெல்லிய ரோமத்தோடு நிற்கும் நாற்றைக் கிள்ளி எறிவது முதல் தடவை வளர்ப்பவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் யாராவது “அது பாவம், இருக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பதினொரு குரோ பேக், ஒவ்வொன்றும் 15 லிட்டர் கொள்ளளவு. பைக்கு இரண்டு என்று 22 நாற்றையும் மாடியில் நட்டுவிட்டேன். ஒரு மாதம் பார்க்க அருமையாக இருந்தது. எல்லாம் கொடி போல உயர்ந்து போகும் ரகம். அந்த ரகத்தில் ஒரு செடிக்கே 20 லிட்டர் மண் வேண்டும், செடிக்கும் செடிக்கும் இரண்டடியாவது இடைவெளி வேண்டும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

பூ விடத் தொடங்கிய நேரம் பார்த்து அலுவலகத்தில் என்னை வெளியூர் அனுப்பினார்கள். ஒரு வாரம் என்றார்கள். முதல் வாரம் முடிந்ததும் இன்னும் நான்கு நாள் என்றார்கள், அப்புறம் இன்னும் ஒரு வாரம் என்றார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடியது. வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது மேலாளர், “வீட்டில் சின்னக் குழந்தையா அழுகிறது?” என்று கேட்டார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை. வீட்டில் குழந்தை இருந்தால்தான் ஒருவனுக்கு வீடு என்று ஒன்று உண்டா? அந்தப் பயணத்துக்கு நான் கைக்காசு போட்டுச் செலவழித்ததைத் திருப்பித் தர நான்கு மாதம் ஆக்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு ரசீது குறைகிறது என்றார்கள். ஆளை அனுப்பும்போது இருக்கும் அவசரம் கணக்கு முடிக்கும்போது எங்கே போகிறது? இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, செடிக்கு வருகிறேன். மாடியில் குழாய் கிடையாது. கீழிருந்து 18 படி ஏறித்தான் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வெயில் காலத்தில் காய் பிடித்த நிலையில் இரண்டு செடி நிற்கும் ஒரு பைக்குக் காலையில் மட்டும் நான்கு லிட்டர் வரை தேவைப்பட்டது. பதினொரு பைக்கு 40 லிட்டருக்கு மேல். நான் இருக்கும்போது பத்து லிட்டர் வாளியில் நாலைந்து நடை போய் முடித்துவிடுவேன், பெரிதாகத் தெரியவில்லை. நான் ஊரில் இல்லாத அந்த மூன்று வாரமும் மாலையில் என் மனைவி வேலை முடிந்து வந்து ஊற்றினார். காலையில் ஏழு மணிக்கே அவர் கிளம்ப வேண்டும் என்பதால் அந்த வேலை அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. அம்மாவுக்கு அப்போது 63 வயது. முழு வாளியைத் தூக்க முடியாது. அரை அரை வாளியாக எட்டு நடை. எட்டுப் பதினெட்டு 144 படி, தினமும், கையில் தண்ணீரோடு.

போனில் கேட்கும்போதெல்லாம் “எல்லாம் நல்லா இருக்கு, நீ வேலையைப் பாரு” என்றுதான் சொன்னார். திரும்பி வந்தபோது வலது முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஏன்மா சொல்லவில்லை, பாதியை விட்டிருக்கலாமே என்றேன். “நீ ஆசையா வச்சதுடா. பூ விட்டு நிக்கிறதை எப்படிக் காய விடுறது?” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த முழங்கால் பழைய நிலைக்கு வர ஆறு மாதம் பிடித்தது.

அதனால்தான் எத்தனை செடி என்று யார் கேட்டாலும், தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று திருப்பிக் கேட்கிறேன். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் யார், காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் யார், அவரால் எவ்வளவு தூக்க முடியும் என்று யோசித்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். சரிதான், போடலாம், நானும் பிறகு போட்டேன். ஆனால் முதல் தடவை வளர்ப்பவர் யாரும் அதைப் போட்டுவிட்டு நாற்று வாங்குவதில்லை.

இவ்வளவு பாடுபட்டதற்குக் கிடைத்த விளைச்சலையும் சொல்லிவிடுகிறேன். பறித்ததையெல்லாம் எடை போட்டு எழுதி வைத்திருந்தேன். 22 செடிக்கும் சேர்த்து 16 கிலோ. செடிக்கு முக்கால் கிலோகூட வரவில்லை. இலையோடு இலை உரசிக்கொண்டு நின்றதால் காற்று புகவில்லை. நான் வேறு மேலிருந்து இலை நனையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கீழ் இலைகளில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி வந்தது. இலைக்கருகல். ஒரு வாரத்தில் எல்லாப் பைக்கும் பரவியது. அது போதாதென்று வெள்ளை ஈ சேர்ந்து ஐந்து செடிகளில் இலைச்சுருட்டு வந்தது. அது வைரஸ். வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது, பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். நாற்றாக இருந்தபோது பிடுங்க மனம் வராத எனக்கு, காயோடு நின்ற ஐந்து செடியைப் பிடுங்குவது அதைவிடப் பல மடங்கு வலித்தது.

பாதிக் காய் அடிப்பக்கம் கருத்து அழுகியது வேறு. அதற்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். அது நோயே இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. மண்ணில் சத்து இருந்தாலும் ஈரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் வேர் அதை எடுத்துக் காய்க்கு அனுப்ப முடியாது. சின்னப் பையில் இரண்டு செடி குடித்தால் மதியத்துக்குள் மண் வறண்டுவிடும், சாயங்காலம் மறுபடி நனையும். இரண்டு பேர் சாப்பாட்டை நான்கு பேர் சாப்பிட்டால் எப்படியோ அப்படித்தான்.

அடுத்த பருவத்தில் நான்கே செடி. நான்கு பை, ஒவ்வொன்றும் 25 லிட்டர். ஒரு பைக்கு ஒரு செடி, பக்கத்தில் ஆறடிக் குச்சி ஊன்றிக் கட்டினேன். கீழே ஓரடிக்கு இலையை எடுத்துவிட்டேன். தண்ணீரை வேரடியில் மட்டும் ஊற்றினேன், மேலே காய்ந்த சருகைப் பரப்பி வைத்தேன். கிடைத்தது பதிமூன்றரை கிலோ. அதாவது 22 செடி கொடுத்ததைவிட இரண்டரை கிலோதான் குறைவு. தண்ணீர் காலையில் ஒன்றரை வாளியோடு முடிந்தது.

விவசாயம் படித்தவர்கள் யாராவது வந்து, நட்ட முறைதான் தவறு, 22 செடியையும் சரியான இடைவெளியில் வைத்திருந்தால் 60 கிலோ எடுத்திருக்கலாம் என்று சொல்லலாம். ஒத்துக்கொள்கிறேன், எடுத்திருக்கலாம். ஆனால் வீட்டில் அவ்வளவு இடம் யாருக்கு இருக்கிறது? வாரத்துக்கு ஆறு கிலோ பழுத்து வந்தால் நான்கு பேர் என்ன செய்வது? நான் பயிரிட்டு விற்பவர்களைப் பற்றிப் பேசவில்லை, அவர்கள் கணக்கு வேறு. நான் சோம்பேறித்தனத்துக்கு நியாயம் தேடுகிறேன் என்று நினைப்பவர்கள், என் அம்மா ஏறிய படிகளை ஒரு வாரம் அரை வாளியோடு ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சமையலறைக் கணக்கு வேண்டும் என்றால் அதையும் போடலாம். இரண்டு வாரம் வீட்டில் எவ்வளவு தக்காளி செலவாகிறது என்று எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு கிலோ. நன்றாகப் பராமரித்த ஒரு கொடி ரகச் செடி பையில் மூன்று கிலோ போலத் தந்தால், அது பத்து வாரத்தில் பிரிந்து வரும். வாரத்துக்கு 300 கிராம். முழுத் தேவைக்கும் ஆறேழு செடி என்று ஆகிறது. காகிதத்தில் இது சரி. ஆனால் செடி வாரக் கணக்குப் பார்த்துக் காய்க்காது. ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது, அடுத்த வாரம் மூன்று கிலோ பழுத்து நிற்கும். முழுத் தேவையையும் வீட்டிலேயே எடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை முதல் வருடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் நாற்று என்ன ரகம் என்று எழுதவில்லை, அது முக்கியம். குட்டை ரகம் மூன்று நான்கு அடியில் நின்றுவிடும், மூன்று நான்கு வாரத்தில் மொத்தமாகக் காய்த்து முடித்துவிடும். அப்படியென்றால் நான்கையும் ஒரே நாளில் நடாமல் இரண்டை இப்போதும் இரண்டை ஒரு மாதம் கழித்தும் வையுங்கள். ஆனால் பூக்கும் நேரம் கடும் வெயிலில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் பூ உதிர்ந்துவிடும், காய் பிடிக்காது. செர்ரி தக்காளி என்றால் நான்கில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு செடியே இருநூறு பழத்துக்கு மேல் தரும், பறிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

மகரந்தச் சேர்க்கைக்கு நிறையச் செடி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தக்காளிப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். தனியாக ஒரு செடி இருந்தாலும் காய்க்கும். காற்று குறைவான இடம் என்றால் காலை வேளையில் பூங்கொத்தை லேசாக ஆட்டிவிட்டால் போதும்.

மீதி நாற்றை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நல்ல தடித்த காம்புள்ள ஆறை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை நடுங்கள், கீழ் இரண்டு இலையைக் கிள்ளிவிட்டுக் காம்பை ஆழமாகப் புதைத்தால் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். இரண்டைச் சின்னத் தொட்டியில் பத்து நாள் வைத்திருங்கள், நட்டதில் ஏதாவது போனால் அந்த இடத்துக்கு ஆகும். மற்றவற்றைக் கேட்பவர்களுக்குக் கொடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் கிள்ளிவிடுங்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேனே என்று வருத்தப்படாதீர்கள். பின்னால் இன்னொரு செடி வேண்டும் என்று தோன்றினால் அதற்கு விதைகூடத் தேவையில்லை. இலைக்கும் தண்டுக்கும் நடுவில் வரும் பக்கத் துளிரை அரையடி நீளத்தில் ஒடித்து ஈர மண்ணில் செருகி நிழலில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். பாக்கெட்டில் விதை மீதி இருந்தால் மடித்து ஈரம் படாத டப்பாவில் வையுங்கள், மூன்று நான்கு வருடம் முளைப்புத்திறன் போகாது.

இந்தப் பருவத்திலும் மாடியில் நான்குதான். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, அது கீழே வாசற்படி ஓரத்தில், குழாயிலிருந்து நான்கடி தூரத்தில். பக்கத் துளிரில் வந்த செர்ரி தக்காளி. அம்மா கேட்டு வாங்கிக்கொண்டது. காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர்தான் பூவை ஆட்டிவிடுகிறார், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார். அதில் பழுத்ததை எங்களைப் பறிக்க விடுவதில்லை.